களைப்புப் பட்டை

வீட்டில் புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்பவர் கையில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டை கட்டியே ஆக வேண்டும். களைப்பு மிஞ்சினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். வண்டி வந்து நோயாளியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடும். எதிர்வீட்டு அந்தோணியை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பதற்குள் மூச்சு நின்றிருந்தது.

அன்றிலிருந்து சுகந்தி கொட்டாவி வந்தால்கூடப் பட்டையைத்தான் பார்ப்பாள். இன்று அது மஞ்சளாகிவிட்டது. பயந்துபோய், அதைக் கழற்றிக் கணவன் ஜெபராஜின் மணிக்கட்டில் கட்டினாள். வலிமருந்து மயக்கத்தில் அவன் அமைதியாகக் கிடந்தான். விளக்கு பச்சையானது.

"கொஞ்ச நேரம் கட்டியிருங்க அத்தான். உங்கள யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அடுப்படியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வீட்டுல வேற யாரு இருக்கீங்க?" காப்பகத்துப் பெண்ணின் குரல் பதறியது. "சுகந்தி மேடத்துக்கு நாடித்துடிப்பு நின்னுடுச்சு. வண்டி கிளம்பிடுச்சு. நீங்க உடனே உள்ள போங்க."

சுகந்தி அறைக் கதவையே பார்த்தாள். போனில் அந்தப் பெண் தொடர்ந்து பேசினாள்.

"அந்தம்மா வீட்டுக்காரர் பக்கத்துல உக்காருங்க. பாவம், அவர் பயந்துடப் போறாரு."