ஒட்டிக்கிட்டு வந்தது

“கூப்பிடாமலே வந்துடுச்சுங்க. சாமானோட சாமானா ஒட்டிக்கிட்டு வந்தது. போயிடும் போயிடும்னு பார்த்தா, போற வழியாத் தெரியல.”

மாமனாரின் அறை வாசலில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த மாமனாரின் கையிலிருந்த பேப்பர் தானாக இறங்கியது.

“பகலெல்லாம் மூலையில ஒரே இடம். சாப்பாடு வந்தா மட்டும் தலையை நீட்டும். மத்தவங்க பங்கையும் சேர்த்து உள்ளே தள்ளிடும். நல்லாக் கொழுத்துப் போச்சுங்க! எப்படியாவது வெளியே அனுப்பணும்.”

மாமனாருக்குச் சுருக்கென்றது. கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். கண் தெளிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பெட்டி மட்டும் கட்டிலுக்கடியை விட்டு நகரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல் ஆகித்தான் இருந்தது.

மனுஷர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘டிக்கெட் இல்லையா? இறங்குய்யா!’ என்று எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார்! இன்றைக்கு அவரையே இறங்கச் சொல்கிறார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பெட்டியை இழுத்துச் சட்டைகளைத் திணித்தார். “மானம் போனப்புறம் சோறு என்ன வேண்டிக்கிடக்கு?” கண் கலங்கியது. அதிலும் ஆபரேஷன் செய்த கண்தான் அதிகமாகக் கலங்கியது.

பெட்டியும் கையுமாக ஹாலுக்கு வந்தால், தோளில் உப்பு மூட்டையோடு தொட்டிக்காரர் நுழைகிறார். மாப்பிள்ளை ஆசை ஆசையாக வளர்க்கும் கடல் மீன் தொட்டிக்கு உப்பு கொடுப்பதும், கண்ணாடி துடைப்பதும் அவர்தான்.

மாமனாருக்குப் பொறி தட்டியது. தொட்டிக்குள் மாப்பிள்ளை புதுசாகக் கடல் கல் ஒன்று வாங்கி வைத்திருந்தாரே! ஒட்டிக்கிட்டு வந்தது... மூலையில் ஒரே இடம்... சாப்பாடு வந்தால் தலையை நீட்டும்... அடக் கடவுளே, இதையா நாம் அப்படி நினைத்தோம்!

பெட்டியைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளினார். “வாங்க, வாங்க! மாப்பிள்ளை போன்ல சொன்னாரே, அந்த ஜந்துவைப் பிடிக்கத்தானே வந்தீங்க?”

“போனா? எனக்கா? உப்பு தீர்ந்திருக்குமேன்னு நானா வந்தேங்க.”

“சரியான மறதிக்காரர்யா நீங்க! கல்லோட என்னமோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அது என்னன்னு கண்டுபிடிங்க முதல்ல.”

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை, அவர் பார்க்கட்டும்” என்று அடக்கிவிட்டார் மாமனார்.

தொட்டிக்காரர் விளக்குகளை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் சுற்றினார். “வெள்ளை வெளிச்சம் பட்டா ஓடி ஒளிஞ்சுக்கும்” என்று பூதக்கண்ணாடியால் கல்லைப் பொந்து பொந்தாகத் துழாவினார். மாமனாரின் பார்வை சோபாவுக்குப் பின்னால் போய்வந்தது. ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் அந்தப் பெட்டியை அல்லவா தூக்க வேண்டும்!

“இதோ, இங்கே இருக்கு பாருங்க.”

அரிசியில் பாதி இருக்கும். வளைந்த முதுகு, நூல் நூலாகக் கால்கள்.

“இத்தனூண்டா? கொழுத்துப் போச்சுன்னாரே!” என்ற மாமனார், தானே சமாதானம் ஆனார். “சரி, அதோட உடம்புக்கு அது கொழுப்புதான்.”

“இறால் சாதிங்க இது. ஒரு கெடுதலும் பண்ணாது. மீன் மிச்சம் வைக்கறதைத் தின்னுட்டுத் தொட்டியைச் சுத்தமா வெச்சுக்கும். விரட்டாதீங்க, பாவம், இருந்துட்டுப் போகட்டும்.”

“கேட்டீங்களா மாப்பிள்ளை? இருந்துட்டுப் போகட்டுமாம்!” மாமனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். “வாயில்லா ஜீவன். அது எவ்வளவு தின்னுடப் போகுது?”

மாப்பிள்ளை உப்பு மூட்டையையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

தொட்டிக்காரர் கிளம்பியதும் பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. தங்கமான மாப்பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மாமனாருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகச் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்: “அம்மாடி, மழைக்காலம் முடியட்டும். ஊருக்குப் போறதைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்!”

சமையலறையில் மகள் கரண்டியை டொக்கென்று வைத்தாள். தொங்கிய முகத்தோடு வந்து நின்ற புருஷனிடம் பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தாள்:

“எங்கப்பாவுக்கு ஜாடை புரியாது, நேராச் சொல்லுங்கன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?”