பல் கூசிய புத்தகம்

புதிய நூலகத்தின் அழகை ஊரே மெச்சியதால், கரையான் பழைய நூலகத்தைக் காலி செய்துவிட்டு மனைவியோடு அங்கே குடிவந்தது.

“கண்ணாடிக் கூரையைப் பாரு! வளைஞ்சு வளைஞ்சு போற படிக்கட்டைப் பாரு!”

“பசிக்குதுங்க. புத்தகம் எங்கே?”

“சுவர் முழுக்கப் புத்தகம்தானே, கண்ணு தெரியலையா?”

இரண்டும் அடித்தட்டிலேயே ஆவலாகக் கடித்தன. பல் கூசியது. அத்தனையும் தகரம். புத்தக முதுகுகளைத் தத்ரூபமாக வரைந்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுக்க நீண்ட வரிசை காத்திருந்தது.

“திறப்பு விழா முடிஞ்சு ஆறு மாசமாச்சு. தகரம்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே!” என்று கரையான் புலம்பியது.

“அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றது மனைவி, மூட்டையைத் தூக்கியபடி. “இங்கே வந்து புத்தகத்தைத் தொட்டதே நாமதானே!”