கூடிப்போன வழக்குச் சொத்து

"ரெண்டு உருப்படின்னு பதிவு. இப்ப நாலுன்னு அடிச்சு வெச்சிருக்கே. சாப்ட்வேர் சிவப்பா கத்துதேம்மா!"

மாற்றலாகி அன்றுதான் வந்திருந்த இன்ஸ்பெக்டர் அசோகனுக்குத் திரையில் வழக்கு எண்ணும் எண்ணிக்கையும்தான் தெரிந்தன.

"சார், சொத்து ரூமுக்குள்ளே நிஜமாவே நாலு கீது. அது வந்து..." என்று ஆரம்பித்தாள் கான்ஸ்டபிள் மகிழினி.

"பேசாதே! கொறைஞ்சா திருட்டுன்னு சொல்லலாம். கூடினா, நாமளே கொண்டாந்து வெச்சோம்னு வக்கீல் கிழிச்சிருவான். உனக்கு மெமோதான்!"

வாசலில் நின்ற புகார்தாரர் ஹபீபுல்லா பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம் பேஜாரு? என்னோடது பத்திரமா கீதுல்ல?"

"பத்திரமா கீது பாய். கூட ரெண்டு சேர்ந்துபோச்சு."

ஒரு கணம் விழித்த ஹபீபுல்லா, அப்படியே துள்ளிக் குதித்தார். "சார், ரூமைத் தொறங்க சார்! என் கண்ணால பாக்கணும்!"

ஒன்றும் புரியாமல் அசோகன் கதவைத் திறந்தார்.

வேறொரு வழக்கில் பறிமுதலான ஹெல்மெட்டைக் கூடாக்கிக்கொண்டு, ஹபீபுல்லாவிடமிருந்து திருடுபோய் மீட்கப்பட்ட பந்தயப் புறா ஜோடி அசோகனை முறைத்தது. நடுவில் இரண்டு குஞ்சுகள் 'கீ கீ' என்று வாயைப் பிளந்தன.

அசோகன் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சார், எப்படி வந்துச்சுன்னு சாப்ட்வேர் கேக்குது. பறிமுதல், ஒப்படைப்பு, இதர. எதைப் போட?"

"இதரன்னு போட்டு, பக்கத்துல 'சுகப்பிரசவம்'னு அடிம்மா!"