மிருதுளாவின் மாட்டேன்

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்று வயது முடிவதற்குள் அதிகாரி முன்னிலையில் ஒருமுறையாவது ‘மாட்டேன்’ என்று சொல்லாத குழந்தைக்கு எந்தப் பள்ளியிலும் இடம் கிடையாது. நாட்டுக்குச் சுயபுத்தியுள்ள குடிமக்கள் தேவை.

மிருதுளாவுக்கு இன்றோடு மூன்று முடிகிறது. பரமகுரு மகளைத் தூக்கிக்கொண்டு பிடிவாதச் சான்றிதழ் அலுவலகத்துக்கு ஓடினார். வளர்ப்பு இயந்திரத்தின் கையில் வளர்ந்த குழந்தை, சொன்னதையெல்லாம் செய்யும்.

பந்தைக் கூடையில் போடு என்றார் அதிகாரி. போட்டாள். பாகற்காய்க் கூழை நீட்டினார். தின்றுவிட்டு இன்னும் கேட்டாள்.

“பத்து நாளா சொல்லிக் கொடுத்தேனேடி தங்கம், மாட்டேன்னு சொல்லு,” என்று கெஞ்சினாள் கூடவே ஓடிவந்திருந்த அம்மா தமயந்தி.

“சரிம்மா,” என்றாள் மிருதுளா சமர்த்தாக.

மணி ஐந்தடித்தது. அதிகாரி பதிவேட்டை மூடினார். தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வா, வீட்டுக்குப் போகலாம்,” என்று செருப்பை எடுத்தாள்.

மிருதுளா அதைத் தட்டிவிட்டாள். தரையில் மல்லாந்தாள். காலை உதைத்துக்கொண்டு, “மாட்டேன், மாட்டேன், மாட்டேன்!” என்று கட்டடமே அதிர அலறினாள்.

காத்திருந்த பெற்றோரெல்லாம் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். பரமகுருவுக்குப் புல்லரித்துப் போயிற்று. “கேட்டீங்களா சார், என் பொண்ணு சார்.”

“கேட்டுச்சு. ஆனா அஞ்சு மணிக்கு அப்புறம் சொன்னது செல்லாது. கிளம்புங்க.”

மொத்தக் கூடமும் பரமகுருவின் வாயைப் பார்த்தது. மிருதுளாகூட அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“சரிங்க சார்,” என்றார் பரமகுரு.