நட்சத்திரம் போட்ட ரைபிள்

தீவனக் கடைப் பலகையிலிருந்து கிழித்த விளம்பர அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, டெல்பர்ட் பிக்கப்பை மலைப்பாதையில் விரட்டினான். 'காலமான கணவரின் பழைய துப்பாக்கிகள் விலைக்கு.' கென்டக்கியின் மற்ற பழந்துப்பாக்கி வியாபாரிகள் மோப்பம் பிடிப்பதற்குள் முந்திவிட வேண்டும்.

கறுப்பு உடையில் விளம்பரம் கொடுத்த கிழவி ஓபல் கதவைத் திறந்தாள். வாசற்படியோரம் பெரிய ஆண் பூட்ஸ் ஒரு ஜோடி, ஒட்டியிருந்த சேறு இன்னும் காயவில்லை. செத்த புருஷன் பூட்ஸை மாட்டிக்கொண்டு கோழிக்குத் தீனி போடுகிற ஜென்மம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"மார்ச்ல போய்ச் சேந்துட்டாரு தம்பி. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது."

சமையலறை மேஜையில் போர்வையை விரித்தாள். சின்னத் தோட்டா போடும் பாயின்ட் டூ டூ ரைபிள்கள் நான்கு. மூன்று, காசு பெறாத குப்பை.

நான்காவதைத் திருப்பினான். குழலின் அடியில் மிளகளவு நட்சத்திர முத்திரை! துப்பாக்கி சுடும் பந்தயத்துக்கென்று பொறுக்கியெடுத்த குழல்களில் மட்டுமே தொழிற்சாலையில் குத்தியது. இதற்காக லெக்சிங்டன் நகரில் ஒரு வக்கீல் ஐயாயிரம் டாலரோடு காத்திருக்கிறார். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் டெல்பர்ட்டின் கடை அடுத்த மாதமும் திறக்கும்.

பேன்ட் பையில் லென்ஸ் இருந்தது. தொடவில்லை. விற்கிறவர் எதிரில் லென்ஸை எடுத்தால் விலை ஏறிவிடும். இது அவன் தொழில் தர்மம்.

"எல்லாம் அணில் சுடற துப்பாக்கிம்மா," என்று உதட்டைப் பிதுக்கினான். "இந்த ரகத்துல குதிரைய அழுத்துனா ஊசி வந்து தோட்டாவோட விளிம்புலதான் அடிக்கும். உங்க வீட்டுக்காரர் தோட்டா இல்லாமலே சும்மா அழுத்தி அழுத்தி வெளயாடியிருக்காரு. கொழல்ல தோட்டா நுழையற விளிம்பே நசுங்கிப் போச்சு."

"அவரு அப்படித்தான். கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரு."

"அடுப்புல வைக்கலாம், கட்டை நல்லா எரியும். பாவம்னு ஒண்ணுக்கு அம்பது, நாலுக்கும் எரநூறு டாலர் தரேன்."

ஓபல் நட்சத்திர ரைபிளை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது வேணாம் தம்பி. மத்தியானம் பைக்வில் டவுன்லேருந்து ஒருத்தர் வராரு. லென்ஸ் வச்சி நிதானமாப் பாத்துச் சொல்றேன்னாரு."

டெல்பர்ட் சட்டென்று ரைபிளின் மேல் கை வைத்தான்.

"லென்ஸா? அவன் பெரிய டாக்டரு! இந்தத் துருவுல என்னத்தப் பாப்பான்? நாலுக்கும் ஐநூறு."

"அவரு நெஞ்சோட அணைச்சி வச்சிருந்தது..." ஓபல் ரைபிளைத் தடவினாள்.

"சரி, ஆயிரத்து இருநூறு. கணவன இழந்தவங்கன்னு பாக்கறேன். வேற எவனாவது இப்படித் தருவானா?"

மூக்கை உறிஞ்சியபடி தலையாட்டினாள். கடை வாடகைக்கென்று வைத்திருந்த நோட்டுக்கட்டு மேஜைக்குப் போனது. அவள் மனசு மாறுவதற்குள் நான்கையும் வாரிக்கொண்டு ஓடினான். கிழவி ஒரு நன்றி சொன்னாள், அதற்குக்கூட அவன் நிற்கவில்லை.

"மலைக்காட்டு மடச்சி," என்று சிரித்தபடி கியரைப் போட்டான்.

பிக்கப் வளைவில் மறையும் வரை ஓபல் கையசைத்தாள். பிறகு வாசல் பூட்ஸை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவைத் தட்டினாள்.

"வெளிய வாய்யா, போய்ட்டான். இவ்ளோ நேரா இருந்தா எவனாவது சந்தேகப்படுவான். அடுத்ததுல நட்சத்திரத்தக் கொஞ்சம் கோணலா அடி!"