வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

தைஸ்தோ கிழவர் தனிக்கட்டை. கூடத்தில் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கும் அவரை இல்போ படமெடுக்கிறான். ஃப்ளாஷ் வெட்டும்போதெல்லாம் சுவர்க்கடிகாரம் வெளுத்து மறைகிறது. வாசலருகே அவன் கூட்டாளிக் காவலர் ஹெல்வி, அவனைப் போலவே பூட்ஸின் மேல் மாட்டிய நெகிழி உறை சரசரக்கக் குந்தி, தடயங்களுக்கு எண் அட்டை வைக்கிறாள். “நம்மளக் கூப்பிட்ட பக்கத்து வீட்டம்மா உள்ள வந்தாங்களா?” என்று கேட்கிறாள். “அவங்களா! அலறல் கேட்டதுமே கதவப் பூட்டுனவங்க, ஜன்னல் வழியாத்தான் நம்மகிட்டயே பேசுனாங்க.” ஹெல்வியின் கையில் மூன்றாம் அட்டை அப்படியே நிற்கிறது. கிழவரின் சின்னச் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய பூட்ஸ், ஒழுங்காக, சுவரைப் பார்த்து. மேலே ஒட்டிய பனி இன்னும் உருகி முடியவில்லை. கொல்ல வந்தவனும் இந்த ஊர் வழக்கப்படி வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். இன்னும் வந்து மாட்டிக்கொள்ளவில்லை.