சோதனை அழைப்பு

இணைப்பில் இருந்தவர் தன்னைச் சோதிக்க வந்த ஆள்தான் என்பது அவனுக்கு இரண்டாவது நிமிடமே தெரிந்துவிட்டது. "போனை ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்று அவன் சொன்னதற்கு, "தயவுசெய்துன்னு ஆரம்பிக்கணும் தம்பி" என்று திருத்தினார்.

போன் கெட்டுப்போய்த் தவிக்கிற எந்த வாடிக்கையாளர் இதையெல்லாம் கவனிப்பார்? வாரத்துக்கு ஒருதரம் கம்பெனியே ஓர் ஆளை வாடிக்கையாளர் மாதிரி பேசவைத்து, உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுதிக்கொடுத்த படிகளைப் பிசகாமல் ஒப்பிக்கிறானா என்று பார்க்கும். இந்த வாரம் அது அவன் தலையில் விடிந்திருந்தது.

அவனுக்கு வயது நாற்பது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். படியில் இல்லாததைச் சொன்னதற்காக ஏற்கெனவே இரண்டு சிவப்புக் குறி வாங்கியிருந்தான். மூன்றாவது விழுந்தால் அன்றைக்கே வீட்டுக்கு.

வீடு என்றால் மாமனார் வீட்டு மாடி. "மாப்பிள்ளைக்கு இதாவது நிலைக்குமா?" என்று அன்று காலையில்கூட மாமனார் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் விசாரித்திருந்தார். கேள்வி செய்தித்தாளைப் பார்த்துக் கேட்கப்பட்டதால் அவனும் பதில் சொல்லவில்லை.

மறுமுனையில் பேசியது கனமான குரல். முந்தின நாள் தானாக அப்டேட் ஆன போன், தொட்டதையெல்லாம் உரக்கப் படிக்கிறதாம். எதையும் திறக்க மாட்டேன் என்கிறதாம். இன்னும் இருபது நிமிடத்தில் அவர் நூறு பேர் முன்னால் மேடையேற வேண்டும். பேச்சு முழுவதும் அந்த போனுக்குள்தான் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது. டிரைவரின் போனை வாங்கிக் கூப்பிடுகிறார். இத்தனையையும் தலைமையுரை ஆற்றுவதுபோலவே சொல்லி முடித்தார்.

"பேட்டரி, அறுபத்தொரு சதவீதம்" என்றது பின்னணியில் அந்த போன்.

அவன் எதிரே இருந்த திரையைப் பார்த்துப் படிகளை வாசித்தான். செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னால் அவர் தொடுவார். போன் "செட்டிங்ஸ்" என்று மணியாகச் சொல்லிவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் சும்மா இருக்கும்.

ஐந்தாம் படிக்கு அவன் வாயைத் திறக்குமுன் அவரே, சிம்மைக் கழற்றி மாட்டியாயிற்று, ஆறுக்கு வாருங்கள் என்றார். இனிச் சந்தேகமே இல்லை. வெளியாளுக்குப் படிகளின் எண் எப்படித் தெரியும்?

கொடுமை என்னவென்றால், மருந்து அவன் கையிலேயே இருந்தது. போன வாரம் அவன் மனைவியின் போனும் அப்டேட்டுக்குப் பிறகு இப்படித்தான் வாயாடியது. மகள் வந்து வால்யூம் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தி அதன் வாயை அடைத்தாள். ஆனால் அந்த வழி பதினாலு படிகளில் எதிலும் இல்லை. இல்லாததைச் சொல்கிறானா என்று பார்க்கத்தானே இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

எட்டாம் படியில் குரலின் கனம் கொஞ்சம் இறங்கியது. பத்தாம் படியில் விரல் எங்கோ பட்டு, போன் ஒரு செய்தியைக் கணீரென்று வாசித்தது: "மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஜிப்பைப் பாத்துக்கோங்க. போன தடவை மாதிரி ஆயிடப் போகுது."

டிரைவர் இருமுவது கேட்டது. "அது வீட்டுல அனுப்பினது" என்றார் அவர். என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று அவன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

சூப்பர்வைசர் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து சற்று நின்றுவிட்டு நகர்ந்தார். அவன் பதினாலாம் படிக்கு வந்திருந்தான். போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது. அதற்கு எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது. தயவுசெய்து என்று ஆரம்பித்து ஓர் எழுத்து விடாமல் வாசித்தான்.

"அழிச்சா பேச்சும் போயிடுமே தம்பி."

"ஆமா சார்."

"வேற வழியே இல்லையா?"

"படியில இல்லை சார்."

"சரி, அழுத்தறேன்" என்றார். ஊசிக்குக் கையை நீட்டும் குழந்தையின் குரல் அது. அவனுக்குச் செய்தித்தாளும் அதன் பின்னால் மாமனாரும் தெரிந்தார்கள். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"இருங்க சார், அதைத் தொடாதீங்க. வால்யூம் கூட்டுறது, குறைக்கிறது, ரெண்டு பொத்தானையும் சேத்து மூணு செகண்ட் அழுத்திப் பிடிங்க."

போன் ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் வாயை மூடியது. பேச்சு திறந்துவிட்டது என்று அவர் மெதுவாகச் சொன்னார். அடுத்த மூச்சில் அவனுடைய இருக்கை எண்ணைக் கேட்டார்.

"நாப்பத்திரண்டு சார். டெஸ்ட் கால்னு எனக்கு அப்பவே தெரியும். மூணாவது குறி, போட்டுக்கோங்க" என்றான் அவன். மேஜையில் அவனுடையது என்று சொல்ல ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

மறுமுனையில் டிரைவரைக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொல்வதும், கார்க் கதவு சாத்தப்படுவதும் கேட்டன. பிறகு, கனமெல்லாம் கழன்றுபோன அதே குரல் ரகசியமாக வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி, அந்தப் பதினாலு படியையும் எழுதினவனே நான்தான்."